கே.வி.யை ஏற்றினால் கதிர் எத்தனை மடங்கு?

எக்ஸ்ரே எடுப்பவர் கைக்கு எட்டும் விஷயங்கள் மிகச் சில. குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தமான கே.வி., குழாயில் ஓடும் மின்னோட்டமான எம்.ஏ., நேரம், தூரம், கதிரின் வழியில் வைக்கும் வடிகட்டி. அவ்வளவுதான். மின்னோட்டத்தை இரட்டித்தால் கதிர்ச்செறிவும் இரட்டிக்கும் என்பதில் பெரிய சண்டை இல்லை. தூரத்தை இரட்டித்தால் செறிவு கால்பங்காகும் என்பதையும் யாரும் மறுப்பதில்லை. வழக்கெல்லாம் கே.வி.யில்தான்.

80 கே.வி.யில் இருப்பதை 92 ஆக்குகிறோம், அதாவது 15 விழுக்காடு கூட்டுகிறோம் என்று வையுங்கள். செறிவு எவ்வளவு கூடும்? இயற்பியல் பாடநூல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும் என்கிறது. எக்ஸ்ரே அறையில் தொழில் கற்றவர் இரண்டு மடங்கு என்பார். கருவியைச் சோதிக்க வரும் மருத்துவ இயற்பியலாளரின் மீட்டர் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும். நெடுங்காலமாக இந்த மூன்று விடைகளும் அருகருகே வாழ்ந்து வருகின்றன. இவற்றில் எது தவறு என்று தேடுவதைவிட, ஒவ்வொன்றும் கதிரின் பாதையில் எந்த இடத்தில் நின்று அளந்தது என்று தேடுவது பயன்தரும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கையை நீட்டிப் பார்த்த காலம்

1895 நவம்பர் 8 அன்று வூர்ட்ஸ்பர்க்கில் ராண்ட்ஜன் புதிய கதிரைக் கண்டபோது அவரிடம் இருந்தது வாயுக் குழாய். அதில் எலெக்ட்ரான்களைத் தருவதற்கெனத் தனி இழை கிடையாது. குழாயில் மிஞ்சியிருக்கும் சிறிதளவு வாயுவின் அயனிகள் எதிர்மின்வாயை மோதி எலெக்ட்ரான்களை வெளிப்படுத்தும். வாயு குறைந்தால் மின்சாரம் பாய அதிக அழுத்தம் தேவைப்படும். கதிர் ஊடுருவும் திறன் மிக்கதாக, அக்காலத்தவர் சொன்னபடி 'கடினமாக', வெளிவரும். வாயு கூடினால் மின்னோட்டம் தாராளமாக ஓடும். கதிர் 'மென்மையாக' இருக்கும். ஆக, அளவும் தன்மையும் வாயு அழுத்தம் என்ற ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. ஒன்றை அசைத்தால் மற்றது அசையும்.

போதாக்குறைக்கு, குழாய் ஓட ஓட அதன் சுவர் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் மென்மையாக இருந்த குழாய் மாலையில் கடினப்பட்டுவிடும். வாயுவைச் சிறிது சிறிதாக உள்ளே விடும் சீராக்கிகள் வந்தும் தொல்லை தீரவில்லை. மின்னழுத்தத்தைத் தீப்பொறி தாண்டும் இடைவெளியின் நீளத்தை வைத்து ஊகித்தார்கள். குழாய் இன்று எப்படி இருக்கிறது என்று அறிய, ஒளிரும் திரைக்கு முன்னால் தம் கையையே நீட்டி எலும்பு தெரியும் அழகைப் பார்த்தார்கள். அந்தப் பழக்கம் பலரின் விரல்களைத் தின்றது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கதிர்ப் புண்களால் கைகளை இழந்து 1904இல் இறந்தார்.

அக்காலக் கையேடுகளில் நிமிடக் கணக்குகளும் தீப்பொறி நீளங்களும் கிடைக்கின்றன. ஆனால் 'கே.வி. கூடினால் செறிவு எத்தனை மடங்கு' என்ற கேள்வியை அவர்கள் கேட்டிருக்கவே முடியாது. மற்றெல்லாவற்றையும் நிறுத்திவைத்து மின்னழுத்தத்தை மட்டும் மாற்றும் வழி அவர்களிடம் இல்லை.

கூலிட்ஜின் பிரிவினை

அந்த வழியை 1913இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கூலிட்ஜ் திறந்தார். ஏறத்தாழ வாயுவே இல்லாத குழாய். அதில் சூடேற்றப்படும் டங்ஸ்டன் இழை. இழையின் சூடு எத்தனை எலெக்ட்ரான்கள் என்பதைத் தீர்மானித்தது; குழாயின் மின்னழுத்தம் அவை எந்த ஆற்றலோடு எதிரே உள்ள உலோக இலக்கை, அதாவது ஆனோடை, அடிக்கும் என்பதைத் தீர்மானித்தது. இன்றும் பல எக்ஸ்ரே மேசைகளில் எம்.ஏ.வுக்கு ஒரு பொத்தானும் கே.வி.க்கு ஒரு பொத்தானும் தனித்தனியே இருப்பது இந்தப் பிரிவினையின் விளைவு.

பின்வந்த பத்தாண்டில் இயற்பியலாளர்கள் முதல் விடையை எழுதினார்கள். 1915இல் டுவேனும் ஹன்ட்டும் கதிரின் உச்ச ஆற்றலைக் குழாயின் மின்னழுத்தமே வரையறுக்கிறது என்று காட்டினர்: 80 கே.வி.யில் ஓடும் குழாயிலிருந்து 80 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டை மிஞ்சிய ஃபோட்டான் வராது. 1918இல் உல்ரே டங்ஸ்டன் நிறமாலையை அளந்து, அதன் மொத்தப் பரப்பு மின்னழுத்தத்தின் இரண்டாம் அடுக்கில் வளர்வதைக் கண்டார். 1923இல் கிராமர்ஸ் இதற்குக் கோட்பாட்டு அடித்தளம் தந்தார். அவருடைய விடையைப் படமாகப் போட்டால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். அடிப்பக்கத்தின் நீளம் உச்ச ஆற்றல். உயரமும் அதற்கு நேர்விகிதம். மின்னழுத்தம் கூடும்போது முக்கோணம் அகலத்திலும் உயரத்திலும் சேர்ந்து வளர்வதால் பரப்பு இரண்டாம் அடுக்கில் ஏறுகிறது. 1.15ஐ 1.15ஆல் பெருக்கினால் 1.32. பாடநூல் சொல்லும் 'மூன்றில் ஒரு பங்கு' வருவது இங்கிருந்துதான்.

இந்த விடையின் பலம் அதன் எளிமை. பலவீனமும் அதுவே. இலக்குக்குள் பிறந்த கணத்தில் இருக்கும் கதிரை அது விவரிக்கிறது. டங்ஸ்டனுக்கே உரிய தனிக்கோடுகள் அதில் இல்லை, 69.5 கே.வி.யைத் தாண்டினால்தான் அவற்றில் முக்கியமான கே வரிசை தலைகாட்டும், அதன் பங்கும் பொதுப் படமெடுப்பில் சிறியது. 17.5 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அருகே தனிக்கோடு தரும் மாலிப்டினம் இலக்கை மார்பகப் படத்துக்குப் பயன்படுத்தும்போதோ அந்தப் பங்கு அலட்சியப்படுத்த முடியாதது. எப்படியும், இலக்குக்குள் பிறந்தபடியே இருக்கும் கதிரை எந்த நோயாளியும் சந்திப்பதில்லை.

எம்.ஏ.எஸ்.: நேர்கோடும் அதன் வளைவும்

கே.வி.க்குள் இறங்குமுன் சண்டை இல்லாத பக்கத்தையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பது நல்லது. மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கிய எம்.ஏ.எஸ்.க்குச் செறிவு நேர்விகிதம் என்பது கொள்கையளவில் உறுதியானது. எலெக்ட்ரான் எண்ணிக்கை இரட்டித்தால் ஃபோட்டான் எண்ணிக்கையும் இரட்டிக்கும். நிறமாலையின் வடிவம் மாறாது. 100 எம்.ஏ.வில் 0.2 நொடி, 200 எம்.ஏ.வில் 0.1 நொடி இரண்டும் ஒன்றே.

நடைமுறையில் கோடு சற்று வளையும். குறைந்த கே.வி.யில் இழையைச் சுற்றி எலெக்ட்ரான் கூட்டம் மேகமாகத் தேங்கி, பின்வருபவற்றைத் தள்ளிவிடும். அங்கே மின்னோட்டம் இழையின் சூட்டோடு மின்னழுத்தத்தையும் சார்ந்துவிடுகிறது. சைல்டும் லாங்மியூரும் 1910களில் விளக்கிய இந்த விளைவால், கே.வி.யை மாற்றும்போது எம்.ஏ. நழுவாமல் இருக்கத் தனி ஈடுகட்டும் சுற்று தேவைப்பட்டது. கூலிட்ஜ் பிரித்து வைத்த இரண்டும் இந்த மூலையில் மறுபடி கைகோத்துக்கொள்கின்றன. எதிர்த்திசையிலும் இது நடக்கும்: எம்.ஏ.வை ஏற்றினால் சுமையால் கே.வி. சற்று இறங்கலாம்.

சட்டமும் இந்த வளைவை ஒப்புக்கொள்கிறது. அமெரிக்காவில் 1974இல் நடைமுறைக்கு வந்த கருவித் தரநிலைப்படி, அடுத்தடுத்த இரண்டு எம்.ஏ. நிலைகளில் ஓர் எம்.ஏ.எஸ்.க்குக் கிடைக்கும் கதிரின் வேறுபாடு அவ்விரண்டின் கூட்டுத்தொகையில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சக் கூடாது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்று மற்றதைவிட 22 விழுக்காடு வரை கூடியிருந்தாலும் கருவி தேர்ச்சி பெறும். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கேட்கும் தரச் சோதனைகளிலும் எம்.ஏ. நேர்விகிதச் சோதனை உண்டு. 'நேர்கோடு' என்று நாம் சொல்வது இந்த அகலமுள்ள கோட்டைத்தான்.

ஃபிலிம் காலத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது. ஃபிலிமை நேரடியாகக் கதிரில் வைத்தால், எம்.ஏ.வும் நேரமும் எப்படிப் பிரிந்தாலும் பெருக்குத்தொகை ஒன்றாக இருக்கும்வரை கருமை ஒன்றே. ஒளிரும் திரையோடு கேசட்டில் வைத்தால் ஃபிலிமைக் கருக்கவைப்பது பெரும்பாலும் திரையின் ஒளி. மிக நீண்ட நேரத்திலும் மிகக் குறுகிய நேரத்திலும் ஒளிக்கு அந்தச் சமன்பாடு தவறும் என்பது நட்சத்திரங்களைப் படமெடுத்த வானியலாளர் ஷ்வார்ட்ஷில்டின் காலத்திலேயே தெரிந்தது. இதைச் செறிவின் குறையாக எண்ணிக் குழாயைத் திட்டியவர்கள் உண்டு. குற்றம் ஃபிலிமில் இருந்தது.

தூரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 100 செ.மீ.யிலிருந்து மார்புப் படத்துக்குரிய 180 செ.மீ.க்குப் போனால் செறிவு 3.24இல் ஒரு பங்காகும். குவியப் புள்ளி சிறியதாக இருக்கும்வரை இந்த விதி நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஒரே தூரத்திலும் கற்றை முழுவதும் சமமாக இராது. ஆனோடுப் பக்கம் சாயும் கதிர் இலக்கின் உலோகத்திலேயே சிறிது உறிஞ்சப்படுவதால் அந்தப் பக்கம் மெலிந்திருக்கும். தொடை போன்ற உறுப்பில் பருத்த முனையை எதிர்மின்வாய்ப் பக்கம் வைக்கச் சொல்லும் வழக்கம் இதைக் கருதியே.

இரண்டா, ஐந்தா?

இனி மையக் கேள்வி. எக்ஸ்ரே அறையின் '15 விழுக்காடு விதி' சொல்வது இது: கே.வி.யை 15 விழுக்காடு கூட்டினால் எம்.ஏ.எஸ்.ஸைப் பாதியாக்கலாம், படத்தின் கருமை மாறாது. 1.15ஐ ஐந்து முறை பெருக்கினால் 2.01. அதாவது இந்த விதியை எண்ணாக மொழிபெயர்த்தால் செறிவு மின்னழுத்தத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. கிராமர்ஸின் இரண்டு எங்கே, இந்த ஐந்து எங்கே?

இடைவெளியை அடைக்கும் பொருள் வடிகட்டல். கண்ணாடிச் சுவர், எண்ணெய், அலுமினியத் தகடு எல்லாம் சேர்ந்து 70 கே.வி.க்கு மேல் பயன்படும் குழாய்களில் குறைந்தது 2.5 மி.மீ. அலுமினியத்துக்கு ஈடான தடை கதிருக்கு முன் நிற்கிறது. குறைந்த ஆற்றல் ஃபோட்டான்கள் அதில் சிக்கி மாள்கின்றன. அதன்பின் நோயாளியின் உடல். உடலும் ஒரு வடிகட்டிதான்; 20 செ.மீ. தடிமனான வடிகட்டி.

கிராமர்ஸின் முக்கோணத்திலேயே இதைப் பார்க்கலாம். எளிமைக்காக, 40 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழுள்ள எதுவும் உடலைக் கடக்காது, மேலுள்ளது முழுதும் கடக்கும் என்று வைத்துக்கொள்வோம். 60 கே.வி. முக்கோணத்தில் 40ஐ வெட்டினால் மிஞ்சும் அடிப்பக்கம் 20. கே.வி.யை 15 விழுக்காடு கூட்டி 69 ஆக்கினால் மிஞ்சுவது 29. மிஞ்சிய பரப்புகளின் விகிதம் 29/20இன் இருமடி, அதாவது 2.1. மொத்தப் பரப்பு 1.32 மடங்குதான் கூடியது; கடந்துவந்த பரப்போ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அடுக்கெண் ஐந்துக்குச் சற்று மேல். இதே கணக்கில் வெட்டை 30இல் வைத்தால் விகிதம் 1.69, அடுக்கெண் நான்குக்குச் சற்றுக் கீழ். வெட்டே இல்லையென்றால் பழைய இரண்டு.

உண்மையான உடல் இப்படிக் கத்தியால் வெட்டுவதில்லை. சரிவாகக் கழித்துக்கொண்டு போகும். ஆகவே இந்த எண்களை அளவீடாகக் கொள்ளக் கூடாது. ஆனால் ஒரே குழாயில் ஒரே கே.வி. மாற்றம் இலக்கில் இரண்டாகவும், தோலில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலும், கேசட்டில் நான்கு ஐந்தாகவும் ஏன் தெரிகிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் கிடைப்பது அரிது.

இந்த முக்கோணம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. வெட்டு 40இலேயே இருக்க, 100 கே.வி.யில் தொடங்கி 115க்குப் போனால் விகிதம் 75/60இன் இருமடி: 1.56 மட்டுமே. அடுக்கெண் மூன்றை ஒட்டி இறங்கிவிட்டது. அதாவது ஐந்து என்பது இயற்கையின் மாறிலியாக இருக்க வாய்ப்பில்லை. வழக்கமான தடிமனுள்ள உடலுக்குப் பின்னால், 60 முதல் 80 கே.வி. வரையிலான புழக்கத்தில் நின்று பார்த்தால் தெரிகிற எண் அது. விதியைக் கற்பிக்கும் நூல்களில் சில இந்த எல்லையைச் சொல்கின்றன. பல சொல்வதில்லை.

அடுக்கெண்ணின் மதிப்பு வெறும் கணக்குச் சண்டையாகத் தோன்றலாம். மின்வழங்கல் தடுமாறும் ஊர்களில் அது வெறும் கணக்காக இருந்ததில்லை. பழைய கருவிகளின் மேசையில் வரும் மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் குமிழ் ஒன்று தனியே இருக்கும். அதைத் திருப்ப மறந்து, வழங்கல் 10 விழுக்காடு இறங்கிய நேரத்தில் படமெடுத்தால் குழாயின் கே.வி.யும் அதே அளவு இறங்கும். இரண்டாம் அடுக்கின்படி 81 விழுக்காடு கதிர் மிஞ்ச வேண்டும். ஐந்தாம் அடுக்கின்படி ஃபிலிமை எட்டுவது 59 விழுக்காடு. வெளிறிப்போன படத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு இரண்டாவது எண்ணே உண்மைக்கு அருகில் இருக்கும். அதே இறக்கம் இழையையும் குளிரவைத்தால் நிலைமை இன்னும் மோசம். இழையிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான் எண்ணிக்கை வெப்பநிலைக்கு மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டும். இழைச் சுற்றுக்குத் தனி நிலைப்படுத்தி வைத்ததன் காரணம் இது.

குழாய்க்கு மின்னழுத்தம் தரும் மின்னாக்கியின் வகையும் குறுக்கே வரும். ஒற்றைக் கட்ட மின்னாக்கியில் அழுத்தம் ஒவ்வொரு துடிப்பிலும் சுழியத்துக்கும் உச்சத்துக்கும் இடையே ஏறி இறங்கும். '80' என்று மேசை காட்டுவது உச்சத்தை மட்டும். உயர் அதிர்வெண் மின்னாக்கியில் அழுத்தம் கிட்டத்தட்ட நிலையாக நிற்பதால் அதே 80இல், அதே எம்.ஏ.எஸ்.ஸில் அதிகக் கதிர் கிடைக்கும். ஒரு கருவியின் பட்டியலை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துக்கொண்டுபோய் ஏமாந்த கதைகளுக்கு இதுவே பெரும்பாலும் வேர்.

சுவரில் ஒட்டிய பட்டியல்கள்

விதிகளைப் பட்டியலாக்கியவர்கள் இரண்டு முகாம்களாகப் பிரிந்தார்கள். ஒரு முகாம் உறுப்பின் தடிமனுக்கேற்பக் கே.வி.யை மாற்றச் சொன்னது: தடிமனைச் செ.மீ.யில் அளந்து இரண்டால் பெருக்கி, ஒரு மாறிலியைக் கூட்டு. சான்டேயின் பெயரால் அறியப்படும் இந்த விதியில் ஒவ்வொரு செ.மீ.க்கும் 2 கே.வி. ஏறும். மறுமுகாமுக்கு 1940களில் குரல் கொடுத்தவர் ஆர்தர் ஃபக்ஸ். ஒவ்வோர் உறுப்புக்கும் போதிய ஊடுருவல் தரும் ஒரு கே.வி.யைத் தேர்ந்து நிலையாக வை, தடிமனுக்கு எம்.ஏ.எஸ்.ஸை மட்டும் மாற்று என்றார் அவர்.

இரண்டும் ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றினாலும் உள்ளே ஒரே கணக்கு ஓடுகிறது. மென்திசு ஏறத்தாழ 4 செ.மீ. கூடினால் எம்.ஏ.எஸ்.ஸை இரட்டி என்பது நிலைக் கே.வி. முகாமின் வழக்கு. சான்டேயின்படி 4 செ.மீ.க்கு 8 கே.வி.; 60லிருந்து 68 ஆவது 13 விழுக்காடு ஏற்றம்; ஐந்தாம் அடுக்கில் 1.87 மடங்கு. கிட்டத்தட்ட அதே இரட்டிப்பு. 100 கே.வி.யில் அதே 8 கே.வி. 8 விழுக்காடுதான், அங்கே சான்டே விதி தடித்த நோயாளியிடம் தோற்றுப்போகும். ஃபக்ஸின் முறைக்கு இந்தக் குறை இல்லை. படத்தின் மாறுபாடும் ஒரே சீராக இருக்கும். அதன் விலை, மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் ஒரே கே.வி. என்பது.

தோல் பெறும் டோஸைக் கணக்கிட்டால் அடுக்கெண்ணின் வேறுபாடே லாபமாக மாறுகிறது. 80/92 எடுத்துக்காட்டில் எம்.ஏ.எஸ்.ஸைப் பாதியாக்கினால் கேசட்டுக்கு அதே கதிர். தோலுக்கோ, அடுக்கெண்ணை 2.5 என்று கொண்டால், முன்பைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு. இவ்வளவு ஆதாயம் இருந்தும் எல்லோரும் ஏன் கே.வி.யை ஏற்றிக்கொண்டே போகவில்லை? எலும்புக்கும் தசைக்கும் இடையிலான மாறுபாடு மங்கும், சிதறிய கதிரின் பங்கு பெருகும். இந்த விலையைப் பற்றி 15 விழுக்காடு விதி வாய் திறப்பதில்லை. கருமையை மட்டும் காப்பதாக வாக்களித்த விதி அது.

ஃபிலிம் போனபின்

ஃபிலிம் ஒரு கண்டிப்பான சாட்சி. கதிர் கூடினால் கருக்கும்; குறைந்தால் வெளிறும். 1980களில் கணினிவழிப் படத் தகடுகளும் பின்னர் தட்டை உணர்விகளும் வந்ததும் அந்தச் சாட்சி போய்விட்டது. கணினி படத்தின் பொலிவைத் தானே சமன்செய்துவிடுவதால் இரண்டு மடங்கு கதிர் கொடுத்தாலும் திரையில் படம் அழகாகவே இருக்கும்; இன்னும் சொன்னால், மணல்போன்ற இரைச்சல் குறைந்து கூடுதல் அழகாக இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு டோஸ் மெல்ல ஊர்ந்து ஏறும் போக்கு இதிலிருந்து பிறந்தது. கே.வி.யின் அடுக்கெண் எதுவாக இருந்தால் என்ன என்ற அலட்சியமும் கூடவே வந்தது.

அதற்கு மாற்றாக 2008இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் ஒரு பொதுக் குறியீட்டு எண்ணை வரையறுத்தது. உணர்வியை எட்டும் கதிர் 2.5 மைக்ரோகிரே என்றால் எண் 250. வேண்டிய அளவிலிருந்து எவ்வளவு விலகியது என்பதற்கும் ஓர் எண் உண்டு. +3 என்றால் இரட்டிப்பு, −3 என்றால் பாதி. நல்ல ஏற்பாடு. ஆனால் இந்த எண் ஒரே ஒரு தரநிலைக் கற்றையில், 70 கே.வி.யை ஒட்டிய அளவில், அளவீடு செய்யப்படுகிறது. கே.வி. அங்கிருந்து விலகினால் உணர்வியின் எதிர்வினையும் மாறும். சீசியம் அயோடைடு உணர்வியில் அயோடினும் சீசியமும் 33, 36 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அருகே உறிஞ்சலில் திடீரென எகிறுகின்றன. கேடோலினியம் கொண்ட உணர்வி 50ஐத் தாண்டி எகிறும். ஒரே கதிர்ச்செறிவு இரண்டு உணர்விகளில் இரண்டு எண்களாகப் பதிவாகலாம். ஃபிலிம் காலத்தின் திரைகளுக்கும் இந்தக் குணம் இருந்தது; முன்வாசலில் துரத்திய அடுக்கெண் பின்வாசலில் திரும்பி வந்திருக்கிறது.

தானியங்கிக் கட்டுப்பாடு இருக்கும் அறைகளில் இந்தக் கவலை வேண்டாம் என்ற வாதமும் உண்டு. போதிய கதிர் உணரறையை எட்டியதும் கருவியே நிறுத்திக்கொள்ளும். உண்மைதான், ஆனால் அது தீர்மானிப்பது எம்.ஏ.எஸ்.ஸை மட்டும். எந்தக் கே.வி.யில் என்ற கேள்வியை அது தொடுவதில்லை. எடுத்துச்செல்லும் கருவிகளோடு படுக்கையருகே எடுக்கும் படங்களில் பெரும்பாலும் அந்த உதவியும் கிடையாது.

தீராதவை

இயற்பியல் பக்கத்தில் பெரிய மர்மம் மிச்சமில்லை. குழாயின் இலக்கு, சாய்வு, வடிகட்டி, மின்னாக்கி ஆகியவற்றைத் தந்தால் எந்தக் கே.வி.யிலும் நிறமாலையை நல்ல துல்லியத்துடன் கணினியில் வரையலாம். அடுக்கெண்ணை ஒரே எண்ணாகத் தேடிய முயற்சி இதனால் தன் தேவையை இழந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. 15 விழுக்காடு விதியைக் குறுகிய கே.வி. எல்லைக்குள் கைக்கணக்காக வைத்துக்கொள்வதில் தவறில்லை. அதற்கு வெளியே, குறிப்பாக 100 கே.வி.க்கு மேல், அதை நம்புவதற்குப் போதிய நியாயம் இல்லை.

விவாதம் நடப்பது வேறிடத்தில். 1996இன் ஐரோப்பிய வழிகாட்டி பெரியவர்களின் மார்புப் படத்துக்கு 125 கே.வி. சொன்னது ஃபிலிம் உலகில். சீசியம் அயோடைடு உணர்வி அதைவிடக் குறைந்த கே.வி.யில் அதே டோஸுக்குக் கூடுதல் தகவல் தரலாம் என்பாருக்கும், விலா எலும்புகளின் நிழலை மங்கவைக்க உயர் கே.வி.யே வேண்டும் என்பாருக்கும் இடையே முடிவு எட்டப்பட்டதாகச் சொல்ல முடியவில்லை. செம்புத் தகட்டை வடிகட்டியாகச் சேர்ப்பதிலும் இதே நிலை: தோலின் டோஸ் தெளிவாகக் குறைகிறது, உள்ளுறுப்புகளுக்குக் கிடைக்கும் ஆதாயம் அதைவிடச் சிறியது, குழாய் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். குழந்தைகளுக்கு எந்தத் தடிமன் செம்பு, எந்தக் கே.வி. என்பதற்கு எல்லா உணர்விகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இப்போதைக்கு எதிர்பார்ப்பதற்கில்லை.

அளவிடும் பொருளே மாறிவருவதும் கவனிக்கத்தக்கது. இன்றைய உணர்விகள் ஃபோட்டான்களின் ஆற்றலைக் கூட்டிச் சேர்க்கின்றன. அதனால் உயர் ஆற்றல் ஃபோட்டானுக்குக் கூடுதல் எடை. ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் உணர்விகள் 2021 முதல் சி.டி. கருவிகளில் மருத்துவமனைக்குள் வந்துவிட்டன. எண்ணும் உணர்வி ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் சம எடை தரலாம், ஆற்றலைப் பார்த்து வேறு எடையும் தரலாம். சாதாரண எக்ஸ்ரே மேசைக்கும் அவை வந்தால் 80லிருந்து 92க்குப் போவதன் பலன் எத்தனை மடங்கு என்பது, எந்த எடையைத் தேர்ந்தோம் என்பதையும் பொறுத்ததாகிவிடும்.